ஹாலுக்குத் திறந்திருந்த போர்ட்

பத்மாசனி மாமி பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவாள். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் அவள் வீடு. வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சங்கிலி, எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி ஓட்டை. மணி அடித்தால் ஓட்டை வழியாகப் பார்ப்பாள், "யாரு?" என்பாள், பதில் வந்த பிறகும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சங்கிலியை எடுப்பாள். சொந்தத் தம்பி பிள்ளை பரத்வாஜ் பெங்களூரிலிருந்து வந்தபோதும் இதே கதைதான்.

அவளைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் லைன்களை இணைத்துவிடும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து வாழ்க்கையை ஓட்டியவள். லைன் கிடைத்துவிட்டதா என்று பார்க்க ஒரு நொடி காது கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு நொடியில் ஊர்ப்பட்ட சமாச்சாரமும் காதில் விழும். மாமனார் மருமகனைத் திட்டுவது, டாக்டர் ரகசியமாகச் சொல்வது, கல்யாணம் நின்றுபோனது. மாமி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் ஒன்று மட்டும் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். என் காதில் விழுந்தால் இன்னொருத்தி காதிலும் விழுந்திருக்கும்.

விருப்ப ஓய்வு வாங்கி, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வரன் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினாள். இணையத்தில் ஆயிரம் இருந்தாலும் மயிலாப்பூர், அடையாறு, மாம்பலத்துக் குடும்பங்கள் அவளைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், மாமியிடம் சொன்னது மாமியோடு நிற்கும். பெண்ணுக்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் நின்றது, பையனுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை, அப்பா அம்மா பிரிந்து இருக்கிறார்கள் என்று, கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள். சரியான நேரம் பார்த்து, சரியான மனுஷாளிடம், பக்குவமாக மாமியே எடுத்துச் சொல்லுவாள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் 'குறிப்பு' என்று ஒரு பைலில் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இருந்த காவல் கருவூலத்துக்கும் கிடையாது. உள் அறையில் பூட்டிவைத்து, சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். திரைமேல் பழைய பட்டு வேஷ்டி ஒன்று போர்த்தியிருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு பாஸ்வேர்டை மாற்றுவாள். வாரத்துக்கு ஒரு திவ்யதேசத்தின் பெயர். திருக்கண்ணபுரம் வாரத்தில் திருவெள்ளறையைப் போட்டுவிட்டுத் திறக்கவில்லையே என்று அவளே திண்டாடியதும் உண்டு.

வந்தவர்கள் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் போட்டோவைப் பார்க்க வேண்டுமே? அதற்குத்தான் போன தீபாவளிக்கு வந்த பரத்வாஜிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோக்கள் ஹாலில் இருக்கும் டிவியில் தெரிகிற மாதிரி செய்துகொண்டாள். "யாரும் உள்ள வரப்படாதுடா. வெளியிலேயே பாத்துண்டு போகட்டும்" என்றாள். அவனும் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் என்னவோ நாலு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மாமிக்குப் பரம திருப்தி.

டைப் அடிக்க ஆயத் இருந்தாள். திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண், பி.காம். படித்தவள், தமிழ் தட்டச்சில் விரல் பறக்கும். முதலில் ராசிக்கட்டம், நவாம்சம் எல்லாம் அவளுக்கு வெறும் கட்டம்தான். ஒரே வருஷத்தில், ஏழாம் இடத்தில் செவ்வாய் என்று மாமி வாசித்தால் இவள் புருவம் தானாக உயரும். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே வருமுன் ஆயத் தன் போனை வாசலோரம் மாட்டியிருக்கும் பூக்கூடையில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் போகும்போதுதான் எடுத்துக்கொள்ளலாம். ஆயத் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

வரன் தேடி வருகிறவர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. பழைய கட்டடம், தடிச் சுவர், ஹாலில் போன் சிக்னல் வராது. அதனால் வந்தவர்களுக்கு முதலில் காபி, கூடவே வைஃபை. டிவிக்குக் கீழே குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைஃபை பாஸ்வேர்டை அட்டையில் எழுதி வைத்திருந்தாள். ஆத்துக்கு வந்தவர்களுக்கு அதைக்கூடக் கொடுக்காவிட்டால் என்ன மரியாதை?

இப்படி இருக்கும்போதுதான் அடையாற்றிலிருந்து சுப்புலக்ஷ்மி வந்து இடியை இறக்கினாள். அவள் பெண் மஹதிக்கு முன்னால் ஒரு நிச்சயம் நடந்து நின்றுபோயிருந்தது. பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. மாமிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது பொருந்தி வந்த பையன் வீட்டுக்கு, முதல் சந்திப்பு முடிந்ததும் மாமியே பக்குவமாகச் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் அவர்களே போன் பண்ணி, "ஏற்கெனவே ஒண்ணு நின்னுபோச்சாமே, மறைச்சுட்டேளே" என்று கேட்டு, வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள்.

"உங்ககிட்ட மட்டும்தான் மாமி சொன்னேன்" என்றாள் சுப்புலக்ஷ்மி. "எங்காத்து மாடிப்படிக்குக்கூடத் தெரியாது. குழந்தை ரூமை விட்டு வெளியில வரமாட்டேங்கறா."

பத்மாசனியின் முகத்தில் ஈயாடவில்லை. "என் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போயிருக்க முடியாது" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. கம்ப்யூட்டரைத் தொடுகிற இன்னொரு கை இருக்கிறதே.

அன்றிலிருந்து ஆயத் என்ன செய்தாலும் குற்றமாகப் பட்டது. சிரித்தால் ஏன் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால் என்ன பயம்? குளியலறையில் ஏன் இவ்வளவு நேரம்? ஒரு நாள் பஸ் தாமதமென்று வியர்த்து விறுவிறுத்து வந்தாள். மாமி அவள் கைப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். டிபன் டப்பாவும் குடையும்தான் இருந்தன. அதுகூடத் திட்டம் போட்டு வைத்த மாதிரி தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும். நம் பெண் இல்லையே என்ற நினைப்பும் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. மாமி அதை வெளியில் விட்டதில்லை. உள்ளேயிருந்து துரத்தியதும் இல்லை.

கடைசியில் ஒரு பொறி வைத்தாள். சாருலதா என்று இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கி, பெசன்ட் நகர், வங்கி வேலை என்று எல்லாம் போட்டு, குறிப்பில் 'சிறு வயதில் வலிப்பு வந்ததுண்டு' என்று ஆயத்தை விட்டே டைப் அடிக்க வைத்தாள். வேறு ஒரு ஜீவனிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரமே மாம்பலத்திலிருந்து ஒரு மாமி போன் செய்தாள். "பெசன்ட் நகர்ல பாங்க் பொண்ணு ஒண்ணு இருக்காமே, அதுக்கு வலிப்பாமே, நிஜமா?"

பத்மாசனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு ஓரத்தில், நான் நினைத்தது சரி என்கிற சந்தோஷமும் இருந்தது. மறுநாள் ஆயத் வந்து கூடையில் போனைப் போடக் கையை நீட்டியபோதே, "உள்ள வராதே" என்றாள்.

"என்ன மாமி?"

"சாருலதான்னு ஒருத்தி கிடையவே கிடையாது. நான் உண்டாக்கினேன். அது வெளியில போயிருக்கு. உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது."

ஆயத் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லலை மாமி" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

அவ்வளவுதான். ஆயத் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனாள். மாமி அத்தோடு விட்டிருக்கலாம். சுப்புலக்ஷ்மிக்குப் போன் செய்து, "டைப் அடிக்கற பொண்ணுதான். வெளியில அனுப்பிட்டேன்" என்றாள். மாம்பலத்து மாமியிடமும் இன்னும் சிலரிடமும் ஆயத்தின் பெயரையே சொன்னாள். தொழிலில் போன நம்பிக்கையைத் திரும்ப வாங்க வேண்டாமா?

ஆயத் போனதும் வேலை குவிந்தது. போதாக்குறைக்கு டிவியில் போட்டோ வராமல் மக்கர் பண்ணியது. ஈக்காட்டுத்தாங்கலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராபர்ட்டை வரவழைத்தாள். அவன் டிவியைத் தட்டிப் பார்த்தான், பிறகு சோபாவில் உட்கார்ந்து, அட்டையில் இருந்த பாஸ்வேர்டைத் தன் போனில் போட்டான்.

"டிவிலதான் கோளாறு மாமி. கம்ப்யூட்டர் சொம்மா சூப்பரா தெரியுது பாரு" என்று போனை நீட்டினான்.

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். ராபர்ட்டின் போனில் அவளுடைய போட்டோக்கள். பக்கத்தில் ஜாதகங்கள். அதற்குக் கீழே 'குறிப்பு'.

"எப்போடா எடுத்தே? உள்ள ரூம் பூட்டிருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு!"

"இன்னா மாமி, என்னியப் போயி! நான் எங்க எடுத்தேன்? தொறந்து கீது, தெரியுது. நீ குடுத்த வைஃபைலதான் பாத்துக்கினு கீறேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அறையைத் திறந்து அவனை உள்ளே உட்காரவைத்து, தான் பின்னால் நின்றுகொண்டாள். அவன் திரையில் கறுப்பாக ஒரு பெட்டியைத் திறந்து ஏதோ தட்டினான். அதில் எண்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'லிசனிங்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"இதுக்குப் பேரு போர்ட்டு மாமி. ஒரு கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்குல கீது. எல்லாத்தையும் எவனும் தொறக்கறதில்ல. ஒரு வேலைக்கு ஒண்ணு. இது பிரின்டருக்கு. இது, நானூத்தி நாப்பத்தஞ்சு, பைல் குடுக்கறதுக்கு. உன் டிவிக்காகத் தொறந்தது. ஆனா தொறந்தவன் டிவிக்கு மட்டும்னு சொல்லல. யாரு வேணா, பாஸ்வேர்டு இல்லாம, மொத்த போல்டரும்னு வுட்டுட்டான்."

மாமி அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய கம்பெனிக்கு வெளியில் ஒரே நம்பர்தான். உள்ளே எக்ஸ்டென்ஷன் எத்தனையோ. ஆள் உட்கார்ந்திருக்கிற எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டால் பதில் வரும், இல்லாததற்குப் போட்டால் வெறுமனே மணி அடித்துவிட்டு ஓயும். இங்கே நானூற்று நாற்பத்தைந்தில் ஒரு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் கேட்கிறார்கள் என்று விசாரிக்காமல் கேட்டதையெல்லாம் எடுத்து நீட்டுகிறான்.

"தெருவுல போறவனுக்கும் கிடைக்குமா?"

"அது இல்ல. வெளிய இருந்து வர்றவன ரௌட்டரு, அதான் அந்த வைஃபை பொட்டி, தடுத்துரும். உன் வைஃபைக்குள்ள வந்தவனுக்குத்தான். அதான் நீ அட்டையில எழுதிக் குடுத்துட்டியே."

"அப்ப ஹால்ல உக்காந்து காபி குடிச்சவாளுக்கு."

"ஆமா மாமி. மூடிரட்டுமா?"

"மூடாதே" என்றாள் பத்மாசனி. "யாராவது உள்ள வந்தா எனக்குத் தெரியணும். அதுக்கு வழி இருக்கா?"

இருந்தது. யார் இணைந்திருக்கிறார்கள், எந்தப் பைலைத் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு ஜன்னலைத் திரையில் ராபர்ட் திறந்து காட்டினான். அதில் வரும் எண் எந்தப் போனுடையது என்று ரௌட்டருக்கென்று இருக்கும் வலைப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாமி அவனையே இரண்டு தரம் செய்யச் சொல்லிப் பழகிக்கொண்டாள். அவன் போனதும், அந்த மாதம் ஹாலில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் கௌரவமானவர்கள். எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. ஒருவரைத் தவிர. ராஜகோபாலன் மாமா.

பிள்ளைக்குப் பெண் தேடுகிற ராஜகோபாலன், பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடிப்பார். "உங்காத்துல வந்து உக்காந்தாலே மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்பார். மாமி மனதார நம்பியது, பார்க்கப்போனால், அவர் ஒருவரைத்தான்.

அந்த வாரம் வந்தவர்கள் எல்லோரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அறைக்குள் போய்த் திரையில் அந்த ஜன்னலைப் பார்ப்பாள். ஒன்றும் வராது. சனிக்கிழமை காலையில் ராஜகோபாலன் வந்தார். முதல் காபி முடிந்தது. "இன்னொரு வாய் இருக்கா மாமி?" என்றார். அவள் எழுந்து, சமையலறைக்குப் போகிற மாதிரி போய், அறைக்குள் நுழைந்தாள்.

திரையில் ஒரு எண் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் பைலின் பெயரும் வந்தது. குறிப்பு. ரௌட்டர் பக்கத்தைத் திறந்தாள். அந்த எண்ணுக்கு நேராகப் போனின் பெயர், அவர் பெயரிலேயே இருந்தது.

மாமி காபியைக் கலந்து, நுரை பொங்க ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். அவர் போனை மடியில் குப்புற வைத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சாச்சா மாமா?"

"எதை? பேப்பரையா?"

"மஹதிக்கு நின்னுபோனது. சாருலதாவுக்கு வலிப்பு. அதை."

ராஜகோபாலன் அசடு வழிவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிதானமாகத் தம்ளரை எடுத்தார். "நான் ஒண்ணும் பூட்டை உடைச்சுண்டு வரலையே மாமி. தொறந்து வெச்சிருந்தேள், தெரிஞ்சுது. பிள்ளைக்குப் பொண்ணு எடுக்கறவன் நாலும் பாக்க மாட்டானா? பார்க்குல நடக்கறச்சே நாலு பேர் கேப்பா, தெரிஞ்சதைச் சொல்லுவேன். அவாளும் பொண்ணைப் பெத்தவா, பிள்ளையைப் பெத்தவாதானே. நல்லதுக்குத்தான்."

"குடிச்சுட்டுக் கிளம்புங்கோ" என்றாள் மாமி. அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளைக் குத்தியது.

அவர் படி இறங்கின சத்தம் அடங்குமுன் ராபர்ட்டைக் கூப்பிட்டாள். போனிலேயே அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். எல்லோருக்கும் என்று இருந்ததை நீக்கினாள், பாஸ்வேர்டு கட்டாயம் என்று மாற்றினாள், அந்தப் போர்ட்டை பயர்வாலில் மறித்தாள். வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வைஃபை வைத்தாள், கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமே எட்டிப் பார்க்க முடியாத மாதிரி. ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் ஆட்டோ பிடித்துத் திருவல்லிக்கேணிக்குப் போனாள். பெரிய மசூதிக்குப் பின்பக்கம் சந்துக்குள் ஆயத்தின் வீடு. அவள் அம்மா அஸ்மத்துன்னிசா கதவைத் திறந்தாள். ஓட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. யாரென்று கேட்காமலே, "உள்ள வாங்கம்மா" என்றாள்.

ஆயத் வந்து நின்றாள். மாமி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பரத்வாஜ் செய்தது, ராபர்ட் காட்டியது, ராஜகோபாலன் குடித்த இரண்டாவது காபி வரைக்கும். "தப்பு பண்ணிட்டேன்டி ஆயத். திரும்பி வா" என்றாள்.

"என் போன் உங்க கூடையிலதான் இருந்துச்சு மாமி" என்றாள் ஆயத். "வந்தவங்க போன் எல்லாம் அவங்கவங்க கையில இருந்துச்சு."

மாமி தலையைக் குனிந்துகொண்டாள். யோசித்திருந்தால் அதொன்றே போதும். தினமும் அவள் கண் முன்னால்தான் நடந்தது.

"வேலை வேற பாத்துக்கலாம்" என்றாள் ஆயத். "பக்கத்துல டைப் கடையில கேட்டேன். அந்தக் கடைக்காரருக்கு யாரோ சொல்லியிருக்காங்க, மயிலாப்பூர்ல விஷயத்தை வெளிய சொன்ன பொண்ணு இதுதான்னு. முகத்தைப் பாத்தே வேணாம்னுட்டாரு. நீங்க யார் யார்கிட்ட என் பேரைச் சொன்னீங்க மாமி?"

அது ஒன்றுதான் அவள் கேட்டது.

பத்மாசனி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, ஆயத்துக்கும் கேட்கிற மாதிரி பாயில் வைத்தாள். முதலில் சுப்புலக்ஷ்மி. அவள் விஷயத்தை முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுங்கோ மாமி" என்றாள். ஆயத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது, மாம்பலத்து மாமி. அவள் பத்மாசனியை முழுக்கச் சொல்லி முடிக்கவிடவில்லை.

"நீங்க நல்லவா, அதான் அவளுக்குப் பரிஞ்சு பேசறேள். எனக்கு அப்பவே தெரியும், அவாளையெல்லாம் ஆத்துக்குள்ள விடப்படாதுன்னு."

அஸ்மத்துன்னிசா டீயோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பத்மாசனிக்குக் காது சுட்டது. தன் மனசின் மூலையில் உட்கார்ந்திருந்ததை இன்னொருத்தி வாய் திறந்து பேசுகிறாள். போர்ட்டை மூடினது மாதிரி இதை மூடுவதற்கு எங்கே தட்டுவது?

"கேளுங்கோ" என்றாள். டிரங்க் போர்டில் உட்கார்ந்து பேசுகிற பழைய குரல் அது. "தொறந்து வெச்சது நான். படிச்சது வேற ஒருத்தர், நம்ம மனுஷர்தான். ஆயத் எதுவும் பண்ணலை. அவ மேல பொய்யாப் பழி போட்டது நான். நீங்க யார்கிட்டயெல்லாம் சொன்னேளோ, அவாகிட்ட இதையும் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார்கள். சொல்வார்களா, மாட்டார்களா, யாருக்குத் தெரியும்? மாமி போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆயத்தின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

ஆயத் அம்மாவின் கையிலிருந்து டீயை வாங்கி மாமியின் பக்கத்தில் வைத்தாள். தானும் எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"அடுத்த நம்பரைப் போடுங்க மாமி" என்றாள்.